டயர் குடோனில் மயங்கி விழுந்தவர்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம், மனசளவில் எப்படி என்பது படிக்கப் படிக்க உனக்கே தெரியும். நீ நலமா என்று இந்தத் தடவை கேட்கப் போவதில்லை. கேட்டால் "சூப்பரா இருக்கேன்பா" என்பாய், அந்தப் பதிலை ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கேட்டு நம்பி வந்தவன் நான். போனில் பேசினால் என் குரல் எங்கே போய் நிற்கும் என்று எனக்கே தெரியாது, அதனால்தான் பேப்பரும் பேனாவும். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் கை நடுக்கம் என்று பயந்துவிடாதே, இந்த மேஜைக்கு ஒரு கால் குட்டை, அடியில் வைத்திருந்த அட்டையை அம்மா கூட்டும்போது எடுத்துப் போட்டுவிட்டாள்.

முதலில் வீட்டுச் சமாச்சாரத்தைச் சொல்லிவிடுகிறேன், பெரிய விஷயத்தில் இறங்கிவிட்டால் இதெல்லாம் விட்டுப்போகும். இதய டாக்டரிடம் போய் வந்தேன், மாடிப்படி ஏறலாம், உப்பைக் குறைக்கணும், அதிர்ச்சி தரும் விஷயம் எதுவும் காதில் விழக்கூடாது என்றார், கடைசியாகச் சொன்னதற்குத்தான் பின்னால் வருகிறேன். அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை, சாயங்காலம் எதிர்வீட்டுத் தையல்காரம்மாவோடு நடக்கிறாள், நடப்பது ஒரு தெரு, கொண்டுவருவது நாலு தெருக் கதை. மாடிக்குப் பல் டாக்டரும் மனைவியும் புதிதாகக் குடிவந்திருக்கிறார்கள், நல்ல மனிதர்கள், ஆனால் உடம்பைக் குறைக்க ஒரு ஓடும் மெஷின் வாங்கி வைத்திருக்கிறார்கள், காலையில் அது ஓடும்போது கூரை நம் தலையில் இறங்கிவிடும் போலிருக்கிறது. உன் அறையில் என் பழைய ஃபைல்களை அடுக்கியிருக்கிறேன், அம்மா தினமும் அதற்காக என்னோடு மல்லுக்கு நிற்கிறாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நம் கணக்காளர் தொழிலில் இருக்கிறவர்கள் வருஷா வருஷம் இத்தனை மணிநேரம் வகுப்பில் உட்கார்ந்து புதிதாகப் படித்தோம் என்று சங்கத்துக்குக் காட்டினால்தானே லைசென்ஸ் நிலைக்கும், அந்த சிபிடி மணிநேரத்தில் எனக்குத் தொழில் ஒழுக்கம் பற்றிய வகுப்பு மட்டும் பாக்கி இருந்தது. மாதக் கடைசியோடு கெடு முடிகிறது. தலை நரைத்த பிறகு எனக்கு ஒழுக்கம் சொல்லித்தரப் போகிறார்களாக்கும் என்று அம்மாவிடம் அலுத்துக்கொண்டே போன சனிக்கிழமை கிளம்பினேன். ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு ஹோட்டல், மாடி ஹாலில் வகுப்பு, ஏசியைக் குளிர்பதனக் கிடங்கு மாதிரி வைத்திருந்தார்கள், துண்டை எடுத்துக் கழுத்தில் சுற்றிக்கொண்டேன். பக்கத்தில் நம் பென்சில், காதில் எப்போதும் பென்சில் செருகியிருப்பாரே, நீ சின்ன வயசில் அவருக்கு வைத்த பெயர் இன்றைக்கு ஊருக்கே பழகிவிட்டது. வருகைப் பதிவில் காலையில் ஒரு கையெழுத்து, சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று. வகுப்பு எடுத்த பெண்ணுக்கு உன் வயசுதான் இருக்கும், தெளிவாகப் பேசினாள், எங்கள் அரட்டையையும் பொறுத்துக்கொண்டாள். வேறொரு நாட்டில் நடந்த உண்மையான வழக்கு, பேரும் ஊரும் எடுத்துவிட்டேன் என்று சொல்லி ஆரம்பித்தாள். ஒரு கணக்காளர், ஒரு நிறுவனத்தில் நல்ல பொறுப்பில் இருக்கிறவர், இரண்டு நாள் வகுப்புக்குப் போனதாகச் சங்கத்துக்கு மணிநேரம் காட்டியிருக்கிறார், ஆனால் அந்த இரண்டு நாளும் அவர் அந்த ஊரிலேயே இல்லை, கூட வேலை செய்கிறவர் அவருக்காகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். எச்சரித்து விடுவீர்களா, ஒரு வருஷம் தடையா, பதிவிலிருந்தே பெயரை நீக்குவீர்களா, கையைத் தூக்கிச் சொல்லுங்கள் என்றாள்.

நான் எதற்குக் கையைத் தூக்கினேன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. தூக்கியதோடு விட்டேனா, மைக்கை வாங்கி, "கையெழுத்துதாம்மா நம்ம தொழிலே. அதையே அடுத்தவனை விட்டுப் போடச் சொல்ற ஆளுக்கு இங்க என்ன வேலை, பேரை எடுத்துத் தூரப் போடுங்க" என்று முழங்கினேன். கைதட்டல் வேறு. பென்சில் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, சரி, இப்போது அந்தக் கணக்காளர் தன் பக்கம் என்ன சொன்னார் என்று வாசிக்கிறேன் என்று சொல்லி, "அவங்க அப்பாவும் கணக்காளர்தான். ஒரு டயர் குடோன்ல சரக்கு எண்ணிட்டு இருக்கும்போது மயங்கி விழுந்துட்டார்" என்று வாசித்தாள். பின்வரிசையில் யாரோ "டயர் மேலயா விழுந்தாரு, அப்ப அடிபட்டிருக்காது" என்றார், ஹாலே சிரித்தது, நானும் சிரித்தேன் பாப்பா. சிரிப்பு பாதி வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. இந்த உலகத்தில் டயர் குடோனில் விழுந்த கணக்காளன் என்னைத் தவிர எத்தனை பேர் இருக்க முடியும். தண்ணீர் கிளாஸை எடுத்தேன், வாய்க்குக் கொண்டுபோகத் தெரியவில்லை. பென்சில் "என்ன சார், ஏசி ஒத்துக்கலையா" என்று கேட்டார், ஆமாம் என்று தலையாட்டினேன்.

மற்றதையும் வாசித்தாள். சேதி கேட்டதும் கிடைத்த விமானத்தில் கிளம்பிவிட்டதாகவும், அந்த வருஷக் கெடுவுக்கு அதுதான் கடைசி வகுப்பு என்றும், நான் போட்டுவிடுகிறேன் நீ போ என்று சிநேகிதி சொன்னபோது வேண்டாம் என்று சொல்லவில்லை என்றும், பின்னால் விசாரித்தபோது கேட்ட முதல் கேள்விக்கே ஒப்புக்கொண்டதாகவும். குடும்பத்தில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு வரி எழுதிப் போட்டிருந்தால் மூன்று மாதம் அவகாசம் தந்திருப்பார்களாம், அங்கேயும் விதி அதுதானாம். ஏன் கேட்கவில்லை என்று விசாரணையில் கேட்டிருக்கிறார்கள். அதற்கு அந்தக் கணக்காளர் சொன்ன பதிலை அவள் இரண்டு தடவை வாசித்தாள். "எங்க வீட்ல யாரும் அவகாசம் கேட்டதில்ல. கேக்கலாம்னே எனக்குத் தோணல." ஒரு வருஷத் தடை என்று தீர்ப்பாம். அவகாசம் கேட்கிறவன் கணக்காளனே இல்லை என்று சாப்பாட்டு மேஜையில் மார்தட்டிக்கொண்டிருந்தேனே, அது பில்லையெல்லாம் மூட்டையாகக் கட்டிக் கடைசி நாளில் கொண்டுவருகிற ஆட்களைப் பற்றிச் சொன்னது. நெஞ்சு அடைத்து ஒருத்தன் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது அவன் மகளுக்கும் அதுவே சட்டம் என்று நான் எங்கே நினைத்தேன்.

டீ இடைவேளையில் அந்தப் பெண்ணிடம் போய், அந்தக் கணக்காளர் திரும்பத் தொழிலுக்கு வந்தாரா என்று கேட்டேன். "அது தெரியல சார். வந்தா நல்லா இருக்கும். கேட்டதுமே ஒத்துக்கிறவங்க ரொம்பக் கம்மி" என்றாள். என் முகத்தைப் பார்த்து என்ன தோன்றியதோ, "உங்களுக்குத் தெரிஞ்சவங்களா" என்று கேட்டாள். இல்லை என்று சொல்லிவிட்டேன். யோசிக்கவே இல்லை, நாக்கில் தயாராக இருந்தது போல வந்து விழுந்தது. பெற்ற மகளைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, கையில் பிஸ்கட்டோடு நின்றேன். பொய் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது, நேரமே ஆவதில்லை. அதற்குப் பிறகு அங்கே நிற்க முடியவில்லை, சாப்பாட்டுக்குக்கூட இருக்காமல் யாரிடமும் சொல்லாமல் படி இறங்கி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அம்மா சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நம்ம பொண்ணு லைசென்ஸ் விஷயம் தெரியுமா என்றேன். அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "உங்களுக்கு யார் சொன்னா" என்று கேட்டாள். என்ன விஷயம் என்று கேட்கவில்லை, யார் சொன்னா என்று கேட்டாள். நாற்காலியில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. டாக்டர் அதிர்ச்சி கூடாது என்றாராம், நீயும் அப்பாகிட்ட சொல்லாதே என்று அழுதாயாம், இத்தனை மாதமாக இரண்டு பேரும் சேர்ந்து என்னைக் கண்ணாடிச் சாமான் மாதிரி பொத்தி வைத்திருந்தீர்கள், கடைசியில் ஹோட்டல் ஹாலில் மைக் வைத்து எனக்குச் சொன்னார்கள். அம்மாவிடம் முதலில் சத்தம் போட்டேன், பிறகு சத்தம் போடத் தெம்பில்லை. நீ இப்போது செடித்தொட்டி விற்கும் கடையில் பில் போடுவதையும் சொன்னாள். அதில் எனக்கு ஒன்றும் குறைவில்லை, எந்த வேலையும் வேலைதான். ஆனால் இன்னும் இரண்டு மாதத்தில் தடை முடிகிறது, விட்டுப்போன மணிநேரங்களைப் படித்து முடித்து விண்ணப்பித்தால் திரும்ப எடுத்துக்கொள்வார்கள், நீயோ விண்ணப்பிக்கப் போவதில்லை என்றிருக்கிறாயாம், "எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டும்மா போவேன்" என்றாயாம், அதைக் கேட்டபோதுதான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது.

அந்த ஆஸ்பத்திரி அறை என் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. ஆபரேஷன் முடிந்து நான் கண்ணைத் திறந்தபோது முதலில் தெரிந்தது உன் முகம். நான் கேட்ட முதல் வார்த்தை, "இதுக்குப் போயி எதுக்கு வேலைய விட்டுட்டு வந்த". நீ போர்வையைச் சரிசெய்துகொண்டே, "லீவு இருந்துச்சுப்பா" என்றாய்.

நீ செய்தது சரி என்று சொல்ல மாட்டேன், சொன்னால் நீயே நம்ப மாட்டாய். தப்பு தப்புதான், ஒரு வருஷத் தடையும் நியாயம்தான். நான் தூக்கிய கைதான் நியாயமில்லை, முழுக்கதை கேட்காமல் ஒருத்தர் பிழைப்பை அழிக்கத் தூக்கிய கை அது, என் மகள் என்பதற்காகச் சொல்லவில்லை, யார் பெற்ற பிள்ளையாக இருந்தாலும் அதுதான். அம்மாவைக் கோபித்துக்கொள்ளாதே, நான் கேட்கும் வரை அவள் வாயைத் திறக்கவில்லை, நானாகத்தான் தெரிந்துகொண்டேன்.

இன்னொன்றையும் கேள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பென்சில் போன் செய்து, "சார், நீங்க பாதியில போயிட்டீங்க, பரவால்ல, மத்தியான கையெழுத்தை நானே போட்டுட்டேன், முழு மணிநேரத்துக்கும் சர்டிபிகேட் வந்துடும்" என்றார். என்னோடு சேர்ந்து பெயரை நீக்கச் சொல்லிக் கை தூக்கியவர். கிண்டல் செய்கிறாரோ என்று பார்த்தேன், இல்லை, உபகாரம் செய்த சந்தோஷம் குரலில் தெரிந்தது. அவருக்கு இரண்டும் ஒன்றுதான் என்று தோன்றவே இல்லை பாப்பா. கோபப்படவும் முடியவில்லை, உன் சிநேகிதியும் இப்படித்தானே வாஞ்சையாகச் சொல்லியிருப்பாள். பேசாமல் இருந்திருந்தால் எனக்கு இந்த வருஷக் கணக்கு முடிந்தது. நடந்ததை எழுதப் போகிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டு, திங்கட்கிழமை சங்கத்துக்கு எழுதினேன். மத்தியானம் நான் வகுப்பில் இல்லை, அந்தக் கையெழுத்து என்னுடையது அல்ல, அந்த மணிநேரங்களை எடுத்துவிடுங்கள், காலையில் கேட்ட ஒரு சேதியால் மனம் கலங்கி எழுந்து போய்விட்டேன், மறுபடி படித்து முடிக்க எனக்கு அவகாசம் வேண்டும் என்று எழுதினேன். அவகாசம் என்ற வார்த்தையை எழுதப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும், நாலு தடவை அடித்து எழுதினேன், அம்மா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பென்சில் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார். கையெழுத்து விஷயம் தனியாக விசாரிக்கப்படும் என்று பதில் வந்திருக்கிறது, எனக்கும் எச்சரிக்கை வரலாம், வரட்டும். அதே பதிலில் அடுத்த வரி, மூன்று மாத அவகாசம் தரப்படுகிறது என்று இருந்தது. அவ்வளவுதான், ஒரு கேள்வி கேட்கவில்லை. இதைக் கேட்காமல் இருப்பதில்தான் என் ஆயுசு முழுக்கக் கௌரவம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் அடுத்த மாதம் மறுபடி வகுப்பில் போய் உட்காரப் போகிறேன், அதே ஹால், அதே ஆட்கள், ஒருவேளை அதே பெண். அவள் எதிரில் உட்கார எனக்கு எந்த மூஞ்சி இருக்கிறதோ, அதை வைத்துக்கொண்டுதான் போவேன். நீயும் உன் மூஞ்சியோடு போ. ஞாயிற்றுக்கிழமை போன் செய், அம்மாவுக்கு இல்லை, எனக்கு. உன் வாயால் எல்லாவற்றையும் சொல்லு, நீ முடிக்கிற வரை நான் வாயைத் திறக்க மாட்டேன், அதற்கு அம்மா ஜாமீன்.

வேளைக்குச் சாப்பிடு, அந்தக் கடையில் கனமான தொட்டிகளைத் தனியாகத் தூக்காதே. நீ எங்கே இருந்தாலும் நிமிர்ந்து நடந்து, நிறைய நாள் நன்றாக இருக்க வேண்டும் என்று நானும் அம்மாவும் வாழ்த்துகிறோம். விண்ணப்பத்தை மறந்துவிடாதே. இரண்டு மாதத்துக்குள் முடிக்க முடியாது என்று தோன்றினால், அவகாசம் கேள்.

என்றும் உன்
அப்பா