தாய்த்துணை மகளிரை ஊர்விட்டு அழையற்க

ஏழு ஆறுகளும் வற்றாது ஓடுக. மழை தன் பருவம் தவறாது வருக. கழற்குன்றத்துச் சாரல்களில் தினையும் தேனும் குறையாதிருக்க.

ஏழாற்று நாட்டுக்கு உரியவளும், கழிமுகத் துறைகளைக் காப்பவளும், முன்னோர் இருந்த அரியணையில் பன்னிரண்டாம் ஆண்டு வீற்றிருப்பவளுமாகிய உலகநங்கை மாதேவி, மலைநாட்டுக் காவலனும் எம் உடன்பிறந்த இளவலுமாகிய நெடுவேள் ஆதனுக்கு எழுதுவித்த ஓலை. உன் நாட்டு மன்றங்களுக்கும், குடிகளுக்கும், உன் மனையாட்டிக்கும் எம் வாழ்த்து உரித்தாகுக.

நீ விடுத்த ஓலை தைத் திங்களில் எம் கைக்கு வந்தது. நோயுற்றோர்க்காகத் தலைநகரில் நாம் கட்டிய ஆதுலர்சாலையின் புகழ் உன் மலைவரை எட்டியது என்றும், அதுபோல் ஒன்றைக் கழற்குன்றத்தில் எழுப்பி, ஊர்தோறும் இருக்கும் தாய்த்துணை மகளிரை அதனுள் பணிக்கு அழைத்துக்கொள்ள எண்ணியிருக்கிறாய் என்றும், கட்டட வரைவோடு தலைமைத் தச்சனையும் அனுப்ப வேண்டும் என்றும் கேட்டிருந்தாய். வரைவை அனுப்பவில்லை. தச்சனையும் அனுப்பவில்லை. அதன் காரணத்தை உனக்குச் சொல்லவே இவ்வோலை.

தாய்த்துணை மகளிரை நம் அன்னையார் ஏற்படுத்தியது உனக்கு நினைவிருக்கும். ஒரு பெண் சூலுற்ற நாள் முதல் அவள் பிள்ளை எழுந்து நடக்கும் நாள் வரை, ஊரிலேயே வாழும் ஒருத்தி அந்த வீட்டுக்குப் போய்வருவாள். பிள்ளையைக் குளிப்பாட்டுவாள், கஞ்சி வைப்பாள், அழும் தாயோடு உட்கார்ந்திருப்பாள். இதெல்லாம் ஒரு பணியா என்று எமக்குத் தோன்றிற்று. ஈராண்டுக்கு முன் அவர்கள் அனைவரையும் ஆதுலர்சாலைக்கு வரவழைத்தோம். கல்லால் ஆன கூடம், மூன்று தலைமை மருத்துவர், ஓயாது கொதிக்கும் மருந்துலை. உதவி வேண்டுவோர் இங்கே வரட்டும் என்று பறையறைவித்தோம்.

சென்ற மாசியில், இந்த ஏற்பாட்டைக் குறித்துக் குடிகளின் கருத்தைக் கேட்டறிய ஊர்தோறும் புறப்பட்டோம். உள்ளதைச் சொன்னால், கருத்தைக் கேட்க அல்ல, வாழ்த்தைக் கேட்கவே போனோம். முதல் ஊர், உப்பு விளையும் ஓரையூர். உப்பளத்துக் களத்தில் பந்தலிட்டு மன்றம் கூடியது. மகவுடையோர்க்கு இன்னும் என்ன வேண்டும் என்று வினவினோம். ஊர்த்தலைவர் எழுந்து, தேவியாரின் அருளால் குறை ஒன்றுமில்லை என்று கைகூப்பினார். மற்றவர் வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்தை நிறைவு என்று எண்ணி எழ இருந்தோம்.

அப்போது கொற்றன் என்னும் உப்பு விளைப்பவன் எழுந்தான். முப்பது வயதுக்குள் இருப்பான். தேவியாரே, அங்கே மருத்துவர்கள் நல்லவர்கள்தாம், அவர்களைக் குறை சொல்ல நான் எழவில்லை என்று தொடங்கினான். நோய் வந்தபின் போவதற்கு இடம் இருக்கிறது, நோய் வருமுன் எங்கள் வீட்டுக்கு வரத்தான் ஆள் இல்லை என்றான்.

ஐப்பசி அடைமழையில் அவன் மனைவி சாத்தி தலைப்பிள்ளையைப் பெற்றாள், பெண் மகவு. மூன்றாம் நாள் முதல் சாத்தி பேசவில்லை. உண்ணவில்லை. பிள்ளை அழுதால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். பால் வற்றியது. இருவருக்கும் உறவென்று பெரியவர் எவரும் இல்லை. முன்னாளாக இருந்தால் அவ்வூர்த் தாய்த்துணை எயினி அன்றைக்கே வந்திருப்பாள். எயினியோ எம் ஆதுலர்சாலையில் துணி வெளுத்துக்கொண்டிருந்தாள்.

கொற்றன் அரைப்பகல் தோணி தள்ளித் தலைநகர் வந்தான். காய்ச்சல் உண்டா என்று வாயிலில் கேட்டனர். இல்லை என்றான். குருதிப்போக்கு உண்டா என்றனர். இல்லை என்றான். அப்படியானால் இது நோயன்று, நோய் வந்தபின் அழைத்துவா என்று திருப்பி அனுப்பினர். பத்து நாள் கழித்து மீண்டும் வந்தான். எயினியையாவது ஒரு நாள் அனுப்புங்கள் என்று வாயில் கற்றூணைப் பிடித்துக்கொண்டு கேட்டான். அவள் அரச பணியில் இருக்கிறாள் என்று விடை வந்தது. மூன்றாம் முறை வந்தபோது பிள்ளை அவன் கையில் இருந்தது. உடனே உள்ளே எடுத்துச் சென்றார்கள். மருத்துவர் மூவரும் ஓடிவந்தார்கள். நாற்பத்தோரு நாள் மகவு நண்பகலில் உயிர் நீத்தது.

இவ்வளவும் சொல்லிவிட்டு அவன் எம்மை நேரே நோக்கினான். அன்று நான் பிள்ளையை வைத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன், தேவியாரே, என்னைப் பார்த்தீர்கள் என்றான்.

இளவலே, இவ்விடத்தில் நாம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. நான் என்றே எழுதுக என்று ஓலைநாயகரிடம் கூறினேன்.

நான் பார்த்தேன். கடல் கடந்த நாட்டுத் தூதர்களுக்கு அன்று ஆதுலர்சாலையைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தேன். படிக்கட்டின் நடுவே நனைந்த ஆடையோடு ஒருவன் துணிச்சுருள் ஒன்றை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தான். விருந்தினர்க்கு வழி விடச் சொல் என்று காவலனிடம் சொன்னேன். அவன் எழுந்து ஒதுங்கினான். நான் தூண்களின் வேலைப்பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டே மேலேறினேன்.

பிள்ளையின் பெயர் என்ன என்று மன்றத்தில் கேட்டேன். பேர் வைக்கவில்லை, சாத்தி வாய் திறந்து ஒரு பேர் சொல்லட்டும் என்று காத்திருந்தேன் என்றான் கொற்றன்.

சாத்தி பெண்களின் வரிசையில் கடைசியில் இருந்தாள். அவளைப் பேசுமாறு எவரும் கேட்கவில்லை, அவளாகவே பேசினாள். எனக்கு மருந்து வேண்டியிருக்கவில்லை அம்மா என்றாள். இரண்டு நாள் யாராவது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, நீ கொஞ்சம் தூங்கடி என்று சொல்லியிருந்தால் போதும் என்றாள். பிறகு மற்றப் பெண்கள் பேசத் தொடங்கினார்கள். இரட்டைப் பிள்ளை பெற்றவள், கணவனைக் கடலுக்குப் பறிகொடுத்தவள், பிள்ளைக்கு நான்கு வயதாகியும் பேச்சு வராததை யாரிடம் சொல்வது என்று அறியாதவள். ஒவ்வொருத்தியும் தனக்கு மட்டுமே நேர்ந்தது என்று எண்ணி ஈராண்டு வாய்மூடி இருந்திருக்கிறாள். பொழுது சாயும் வரை கேட்டேன். கட்டடம் வேண்டும் என்று ஒருத்தியும் சொல்லவில்லை.

நான் செய்த பிழைக்கு உனக்கு என்ன செய்ய வேண்டும் என்று சாத்தியைக் கேட்டேன். எனக்கு ஒன்றும் வேண்டாம், பக்கத்து வீட்டுக்காரிக்கு ஏழு மாதம், எயினியை அனுப்பிவிடுங்கள் என்றாள்.

திரும்பியதும் எயினியை அழைத்துச் செய்தி சொன்னேன். அவள் முன்பே அறிந்திருந்தாள். சாத்திக்கு மாதம் நிறைவதை எண்ணிக்கொண்டே இருந்தேன், ஊருக்குப் போக மும்முறை விடை கேட்டேன், தரவில்லை என்று சொல்லித் தரையில் அமர்ந்துவிட்டாள். அரசி முன் அமரலாகாது என்று காவலன் அதட்டினான். நானும் அவளருகே தரையில் அமர்ந்தேன். மறுநாள் விடியலில் என் தோணியிலேயே அவளை ஓரையூருக்கு அனுப்பினேன். அந்த மாதத்துக்குள் மற்ற மகளிரும் தத்தம் ஊர் சேர்ந்தனர். ஆதுலர்சாலை நிற்கிறது, நோயுற்றோர்க்கு அது வேண்டும். அதன் வாயிலில் நோயா இல்லையா என்று கேட்டுத் திருப்பும் வழக்கத்தை ஒழித்தேன்.

சாத்தி இப்போது உண்கிறாள், உப்பளத்துக்கும் போகிறாள் என்று எயினி சொல்லியனுப்பினாள். சில பொழுது பாத்தி ஓரத்தில் வேலையை விட்டு அப்படியே நின்றுவிடுகிறாளாம். கொற்றன் அருகே போய் நிற்பானாம். அவர்களுக்கு நான் திருப்பிக் கொடுக்கக் கூடியது எதுவுமில்லை.

ஆதலால் ஆணையாவது: கழற்குன்றத்துத் தாய்த்துணை மகளிர் ஒருத்தியையும் ஊர்விட்டு அழையற்க. எதையும் கட்டுமுன், எதையும் மாற்றுமுன், நீயே மன்றந்தோறும் சென்று பெற்றோரைக் கேட்பாயாக. தலைவர்கள் குறையில்லை என்று சொன்னபின் எழுந்துவிடாமல், கடைசி வரிசைப் பெண் பேசும் வரை இருப்பாயாக. இவ்வோலையை உன் மன்றத்தில் முழுதும் படிப்பிக்க. என் பிழையைச் சொல்லும் இடத்தில் ஒரு சொல்லும் விடற்க.

ஓலைநாயகர் நன்மாறனார் எழுத, உலகநங்கை மாதேவி தன் கையால் கயல் முத்திரை இட்டது. பங்குனி வளர்பிறை ஐந்தாம் நாள்.

முத்திரைக்குக் கீழே இதை என் எழுத்தாணியால் நானே எழுதுகிறேன். தம்பி, உன் மலையில் இன்று எந்த வீட்டில் எவள் சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடக்கிறாள் என்று எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது. அந்த மகளிருக்குத் தெரியும். ஆணையை மீறினால் உன்னைத் தண்டிக்க எனக்கு உரிமை உண்டு. ஆனால் தண்டனைக்கு அஞ்சி இதைச் செய்யாதே. உன் தமக்கை அழுதுகொண்டு கேட்கிறாள் என்று செய்.