உப்பு டின் மேல் வைத்த மெடல்

எதிர்வீட்டுக் கல்யாணத்துக்கு நெய்யில் வெங்காயம் வதக்குகிறார்கள். ஜன்னலைச் சாத்தினாலும் வாசனை நிற்கிறதா? நீங்கள் போன பிறகு இந்த மலாக்கா காஜா பெராங் தெருவில் யார் வீட்டு விருந்தென்றாலும் எனக்குப் பசிப்பதில்லை, எரிச்சல்தான் வருகிறது.

எல்லாம் அந்தப் பாடாங் திடலில் நடந்த கூத்தால்தான். காங்கோவுக்குப் போய்வந்த பட்டாளத்துக்கு மெடல் குத்தப்போகிறார்கள் என்று முன்னாடியே சொல்லிவிட்டீர்கள். சுதந்திரம் வாங்கிச் சில வருஷமே ஆன நாடு, தூரதேசத்துச் சண்டையை விலக்கிவிட ஆள் அனுப்பியது. போனவர்களுக்கெல்லாம் அங்கே சோறு பொங்கிப் போட்டவர் நீங்கள், என் புருஷன். எனக்குத் தலைகால் புரியவில்லை. தெருவையே லோரியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். பக்கத்து வீட்டு மலாக்காச் செட்டி அக்கா, தமிழ் வராமல் மலாயே பேசுகிறவள், நல்ல கெபாயாச் சட்டையாகப் பார்த்து உடுத்திக்கொண்டு வந்தாள்.

பேர் பேராகக் கூப்பிட்டார்கள். ஒவ்வொருவராக வந்து நிமிர்ந்து நின்றார்கள். உங்கள் பேர் வரவே இல்லை. "லாக்கி லு மானா?" என்று உங்களைக் கேட்டுக்கேட்டு அக்கா என் தோளை இடித்தாள். புருஷன் எங்கே என்று எனக்கே தெரியாதபோது அவளுக்கு என்ன சொல்வேன்?

தேடிப் போனால், கூடாரத்துக்குப் பின்னால் அடுப்படியில் நிற்கிறீர்கள். விருந்தாளிகளுக்குப் பிரியாணியாம். காலையில்தான் உத்தரவு வந்ததாம். உங்களோடு காங்கோ போன பையன் ஒருவன் பழுப்பு உறையை நீட்டினான்.

"அண்ணே, உங்க மெடல். ஆபீசர் கொடுக்கச் சொன்னாரு."

"கை ஈரமா இருக்கு. அந்த உப்பு டின் மேல வைப்பா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என்னங்க இது? போய்க் கேளுங்க," என்றேன்.

"மெடல் காத்திருக்கும். சோறு காத்திருக்காது. விடு லா."

"அப்ப நானாவது குத்திவிடுறேன், நில்லுங்க."

"மேலெல்லாம் வெங்காய நாத்தம். வீட்டுக்கு வந்து குளிச்சிட்டு நிக்கிறேன்."

வந்தீர்கள், குளித்தீர்கள், தூங்கினீர்கள். அப்புறம் தீபாவளிக்கு என்றீர்கள், பொங்கலுக்கு என்றீர்கள். அன்றைக்குத் தின்றவர்களில் ஒருவர்கூடச் சமைத்தவர் யாரென்று கேட்கவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. உங்களுக்கோ சிரிப்பு. அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் ஆத்திரமாக வருகிறது.

கடைசியில் படுத்தபடிதான் குத்திக்கொண்டீர்கள். வெள்ளைச் சட்டையில், இடப்பக்கம், நானே குத்திவிட்டேன். அதுவும் கொஞ்ச நேரம்தான். தூக்கப்போகும்போது உங்கள் தம்பி வந்து, "அண்ணி, நெருப்புல அது வேணாம், கழட்டிடுங்க," என்றார். கழற்றினேன்.

மெடல் பழையபடி உறைக்குள் கிடக்கிறது. யார் கேட்டாலும் கொடுத்துவிடுவேன். ஆனால் அன்று காலை நீங்கள் பட்டிருக்க வேண்டிய கோபம் ஒன்று இருந்ததே, அதை என்ன செய்வது? உங்கள் பங்கையும் சேர்த்து நான்தான் சுமக்கிறேன். இறக்கி வைக்க எனக்கு ஓர் உப்பு டின்கூடக் கிடைக்கவில்லை.