மதியம் வரை குடிக்காத தண்ணீர்

மரக்காணம்
2.3.2025

அன்பு ஜெனிஷா,

முதலில் நிறத்தைத்தான் பார்த்தேன். வியாழக்கிழமை வேலை முடிந்து வீட்டுக்கு வந்து ஒண்ணுக்குப் போனால், பீங்கானில் கடுங்காப்பியை ஊற்றியது போல இருந்தது. நாற்றம் வேறு. நானே மூக்கைப் பொத்திக்கொண்டேன். இதை எழுதக் கூசுகிறது. உன் அம்மாவிடம் கொடுத்தனுப்பினால் பிரித்துப் படித்துவிடுவார் என்றுதான் தபாலில் போடுகிறேன். படித்ததும் கிழித்துவிடு.

உன் அப்பா கடலுக்குப் போகிறவர். உப்பளத்துக்குள் என்ன நடக்கிறது என்று உனக்குத் தெரிய வழியில்லை. விடியற்காலை நாலு மணிக்கு உப்புப் பாத்தியில் இறங்குகிறோம். மதியம் பன்னிரண்டு வரை பெண்கள் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் போக வேண்டும், போக இடமில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளைப் பாத்தி, மறைவுக்கு ஒரு செடி கிடையாது, சுற்றிலும் ஆண்கள். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று தனகோடி அக்கா முதலில் சொல்லிக்கொடுத்தது இதைத்தான்.

இப்போது ஒவ்வொரு முறையும் மிளகாய்ப் பொடி தடவியது போல எரிகிறது. ஆனாலும் சாயங்காலம் நம் வரப்பில் ஆறு சுற்று ஓடுகிறேன். மே மூன்றாம் தேதி உன் விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்கிறார்கள். எடுத்துவிட்டால் அவர்களே பத்தாம் வகுப்பில் சேர்த்துவிடுவார்கள். ஒன்பதாவதோடு நின்ற எனக்கு வேறு வழி இல்லை. அடுத்த வருடம் வயது தாண்டிவிடும்.

உன் காலில் மாவுக்கட்டு போட்டிருப்பதாக உன் அம்மா சொன்னார். எப்படி உடைந்தது என்று கேட்டால் மாதா பார்த்துக்கொள்வாள் என்கிறார். நீயாவது சொல்.

உன்
வினோதினி


விளையாட்டு விடுதி
9.3.2025

அடி வினோ,

கிழிக்கவில்லை. தலையணை உறைக்குள் இருக்கிறது.

எங்கள் குளியலறைக் கதவில் ஒரு அட்டை ஒட்டியிருக்கிறார்கள். மூத்திரத்தின் நிறம், எட்டுக் கட்டமாக. மூன்று வரை நல்லது. ஆறைத் தாண்டினால் வார்டனிடம் சொல்ல வேண்டும். பக்கத்துக் கட்டில் பிரியங்காவிடம் கலர் பென்சில் வாங்கி அதை அப்படியே வரைந்து இதில் வைத்திருக்கிறேன். அவள் என்னவென்று கேட்டாள், சேலை பார்டர் என்றேன். அழகாக இருக்கிறதாம்.

உனக்கு மட்டும்தான் நாற்றம் என்று நினைக்காதே. கட்டுக்குள் ஒரு எலி செத்துக் கிடப்பது போல என் கால் நாறுகிறது. நேற்று அரிப்பு தாங்காமல் அடிஸ்கேலை உள்ளே விட்டுச் சொறிந்தேன். சாம்பல் நிறத்தில் அழுக்கு உருண்டு வந்தது. அதை மோந்து வேறு பார்த்தேன். எதற்கு மோந்து பார்க்கிறோம் என்று உனக்குத் தெரிந்தால் எழுது.

நாளைக்கே டாக்டரிடம் போ. வெட்கப்பட்டுக்கொண்டு நிற்காதே. தண்ணீர் குடி. அப்புறம் ஓடு.

ஜெனி


மரக்காணம்
19.3.2025

அன்பு ஜெனி,

நீ வரைந்ததை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தேன். தம்பி அறிவழகன் எடுத்துவிட்டான். "வூட்டுக்கு பெயிண்ட் அடிக்கப் போறியாக்கா? இந்த ஏழாவது கலரு நல்லா இருக்குது" என்றான். நான் இருப்பது ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில். சிரிப்பதா வாந்தி எடுப்பதா என்று தெரியவில்லை.

டாக்டரிடம் போகவில்லை, லேப் வரைக்கும் போனேன். இருமல் மருந்து பாட்டிலில் பிடித்து துப்பட்டாவுக்குள் வைத்திருந்தேன். கவுண்ட்டரில் இருந்தவர், "என்னாம்மா, யூரினா? வெளிய எடு, பேர் ஒட்டணும்" என்று உரக்கக் கேட்டார். பெஞ்சில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள். எங்கள் தெரு ஜான்சன் அண்ணனும் இருந்தார். அப்படியே வெளியே வந்துவிட்டேன். பாட்டில் கையில் சூடாக இருந்தது, உயிருள்ள எதையோ பிடித்திருப்பது போல. கால்வாயில் கொட்டினேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நேற்று மூன்றாவது சுற்றில் பேண்ட் நனைந்துவிட்டது. எனக்குத் தெரியவே இல்லை. உப்புக் காற்றில் காய்ந்து தொடையில் ஒட்டி, பிய்க்கும்போது தோலும் வந்தது. மதகு அருகே குனிந்து வாந்தி எடுத்தேன். வாயைத் துடைத்துக்கொண்டு மீதி மூன்று சுற்றையும் ஓடி முடித்தேன். யாரிடமும் சொல்லாதே.

வினோதினி


விளையாட்டு விடுதி
30.3.2025

வினோ,

முடித்தாயாம். நான் கைதட்டுவேன் என்று நினைத்தாயா?

என் கால் எப்படி உடைந்தது என்று கேட்டாய். விழவில்லை. டிசம்பரிலிருந்தே முழங்காலுக்குக் கீழே வலி. சொன்னால் உட்கார வைத்துவிடுவார்கள் என்று சொல்லவில்லை. மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி வெறும் வயிற்றில் இரண்டு இரண்டாகப் போட்டுக்கொண்டு ஓடினேன். நொண்டாமல் நடக்கப் பழகினேன். பிப்ரவரியில் ஒரு நாள் எழுநூறாவது மீட்டரில், காய்ந்த குச்சி ஒடிவது போல என் காதுக்கே சத்தம் கேட்டது. பயிற்சியாளர் கிருபா மேடம் திட்டவில்லை. "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே ஜெனி" என்றார், அவ்வளவுதான். அதை நினைத்தால் என்மேலேயே எனக்குக் காறித் துப்பத் தோன்றுகிறது.

இந்த வருடத்தோடு என்னை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். என் கட்டில் காலியாகும். உன்னைத் தவிர வேறு யாராவது அதில் படுத்தால் எனக்கு அருவருப்பாக இருக்கும்.

நான் செய்ததையே நீயும் செய்கிறாய். சனிக்கிழமைக்குள் டாக்டரிடம் போகவில்லை என்றால் உன் அம்மாவுக்கு எழுதிவிடுவேன். அரிசிப் பானை வரைக்கும் எழுதுவேன்.

ஜெனி


பெரியாஸ்பத்திரி, பெண்கள் வார்டு
16.4.2025

அன்பு ஜெனி,

நீ என் அம்மாவுக்கு எழுத வேண்டிய அவசியமே வரவில்லை. உன் கடிதம் வந்த மறுநாளே பாத்தியில் குளிர் ஜுரம் வந்து விழுந்துவிட்டேன். உப்புத் தண்ணீரில் முகம் குப்புற. தனகோடி அக்காதான் முடியைப் பிடித்துத் தூக்கினார். கிட்னி வரைக்கும் போய்விட்டதாம். ஆறு வாரம் ஓடக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். மே மூன்று கைவிட்டுப் போய்விட்டது. உன் கட்டிலில் வேறு யாரோதான் படுப்பார்கள். என்னை மன்னித்துவிடு.

இரண்டு நாள் குழாய் வைத்திருந்தார்கள். படுக்கைக்குக் கீழே மூத்திரப் பை தொங்கும். என்னுடையதை எல்லோரும் பார்த்துக்கொண்டே நடந்தார்கள். முதல் நாள் போர்வையால் முகத்தை மூடிக்கொண்டேன். இரண்டாம் நாள் மூடவில்லை, ஏன் என்று சொல்கிறேன். எதிர்க் கட்டிலில் ஒரு பெண், ஜன்னல் ஓரம் ஒரு பெண், இருவருமே உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள். இருவருக்கும் இதே நோய். தனகோடி அக்கா பார்க்க வந்தபோது இதைப் பற்றிக் கேட்டேன். "எல்லாருக்கும் இருக்குதுடி. நான் பதினேழு வருஷமா நீர்க்கடுப்போடதான் உப்பு வாரிக்கினு இருக்கேன். இத போய் யார்கிட்ட சொல்றது?" என்றார்.

எங்கள் உப்பள மேஸ்திரி மாயவனும் வந்தார். ஒரு டஜன் வாழைப்பழம் வைத்துவிட்டு, வார்டு முழுக்கக் கேட்கும்படி, "பொம்பளப் புள்ளைங்க சுத்தபத்தமா இருந்தா இதெல்லாம் வராதும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பழத்தைத் தொட முடியவில்லை. என் பையைப் பார்த்தபோதுகூட இவ்வளவு குமட்டவில்லை.

வினோதினி


விளையாட்டு விடுதி
24.4.2025

அடி வினோ,

மன்னிப்பாவது மண்ணாவது. கட்டில் இரும்பு, யார் படுத்தாலும் தாங்கும். நீ எழுந்து நிற்கிறாயா என்று மட்டும் எழுது.

கட்டைப் பிரித்துவிட்டார்கள். என் காலைப் பார்த்து நானே அலறினேன். முருங்கைக்காய் போல சூம்பி, மேலே கறுப்பு முடி, தோல் செதில் செதிலாக உதிர்கிறது. பிரியங்கா பெட்ஷீட்டை உதறும்போது தும்முகிறாள், என் தோலுக்கு.

மே நாலு ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். இருநூறு மீட்டர்தான் நடக்க விடுகிறார்கள். நம் வரப்பில் உன்னோடு நடக்கலாமா? ஊர் சிரிக்கும். எனக்குத் தனியாக நடக்கத் தைரியம் இல்லை.

ஜெனி


மரக்காணம்
30.4.2025

அன்பு ஜெனி,

நீ கிளம்புவதற்குள் இது வந்து சேருமா தெரியவில்லை. நடக்கலாம். திங்கட்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு. முதல் வாரம் இருநூறு, அடுத்த வாரம் முந்நூறு. உனக்கு வலித்தால் உடனே சொல்ல வேண்டும், எனக்கு எரிந்தால் நான் சொல்வேன். சொல்லாமல் ஒரு அடிகூட வைக்கக்கூடாது.

இன்று மறுபடி வேலைக்குப் போனேன். எட்டு மணிக்கு வரப்பில் நின்று ஒரு பாட்டில் தண்ணீரை முழுசாகக் குடித்தேன். பெண்கள் எல்லோரும் உப்பு வாருவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஒன்பதரைக்கு வந்துவிட்டது. மாயவனிடம் போய், "அண்ணே, ஒண்ணுக்குப் போகணும். எங்க போறது?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

"என்னாம்மா இது, நாலு பேர் இருக்குற இடத்துல இப்டி கேக்குற?"

"அந்த நாலு பேர் இருக்குறதாலதாண்ணே கேக்குறேன்."

அவர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு திரும்பி நின்றார். போன் அடிக்கவில்லை.

நான் உப்பு அம்பாரத்துக்குப் போய், மேலே போட்டிருந்த தார்ப்பாயை இழுத்தேன். கட்டியிருந்த கயிறு அறுந்து, பாதி அம்பாரம் வெயிலில் திறந்தது. மாயவன் கத்தினார். தனகோடி அக்கா ஓடி வந்து ஒரு முனையைப் பிடித்தார். பிறகு மூன்று பேர் வந்தார்கள். நாலு பேருமாக அதை நிமிர்த்தி, சுற்றிலும் மறைப்பாகப் பிடித்து, வெளிப்பக்கம் பார்த்து நின்றார்கள். நான் உள்ளே போனேன்.

வெளியே வந்ததும் தனகோடி அக்காவின் கையிலிருந்து அந்த முனையை வாங்கிப் பிடித்துக்கொண்டேன். அக்கா உள்ளே போனார்.

வினோதினி