நாற்பது நிமிடம் தாமதமாகப் போன செய்தி

வலே வெர்தே, அசோரஸ் தீவுகள்
ஜூன் 3

அன்பு மகன் துவார்த்தேவுக்கு,

அம்மா எழுதுவது. பரிசுத்த ஆவியின் கிருபையால் நானும் அப்பாவும் நல்ல சுகம், டொராண்டோவில் நீயும் கிளாராவும் அப்படியே இருக்க வேண்டும். பரிசுத்த ஆவி திருவிழாவில் ஊருக்கே வைக்கும் சூப்புக்கு இந்த வருஷம் அப்பாதான் அடுப்பில் நின்றார், இறைச்சி பஞ்சு மாதிரி வெந்திருந்தது, புதினாவை மட்டும் அள்ளிப் போட்டுவிட்டார், ஊரே சொல்லிச் சிரித்தது. இனி உனக்குச் சொல்லாமல் வைத்திருந்த சேதி. போனில் சொன்னால் பாதியிலேயே பதறுவாய், அதனால் எழுதுகிறேன். முடிவு நல்லதுதான்.

ஏப்ரல் நடுவில் ஒருநாள் காலை, விமானக் கட்டுப்பாட்டு அறையில் நான் திரை முன்னால் இருந்தபோது, சரக்கு விமானம் ஒன்று இரண்டாயிரம் அடி மேலே ஏறட்டுமா என்று எழுதிக் கேட்டது. ஏறலாம் என்று செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பினேன். பதில் இல்லை. செய்தி தொலைந்தது என்று நினைத்து, அந்த உயரத்தைப் பின்னால் வந்த பயணிகள் விமானத்துக்குக் கொடுத்துவிட்டேன். பக்கத்து அறையில் ரேடியோவில் இருக்கும் எல்வீரா மூலம் சரக்கு விமானியிடம் வாயால் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. செய்தியோ வழியில் எங்கோ மாட்டிக்கொண்டு நாற்பது நிமிடம் கழித்துப் போய்ச் சேர்ந்திருக்கிறது. நான் இப்போதுதான் அனுப்பினேன் என்று எண்ணி அந்த விமானி ஏற ஆரம்பித்துவிட்டார். கடலுக்கு மேலே ரேடார் கிடையாது, விமானம் தானாக அனுப்பும் இடமும் உயரமும்தான் எங்களுக்குக் கண். அடுத்த தகவலில் உயரம் ஐந்நூறு அடி கூடியிருந்தது. மேலே, அதே பாதையில், முந்நூறு பேரோடு மற்றது நெருங்கிக்கொண்டிருந்தது.  எழுதினால் இதுவும் மாட்டிக்கொள்ளுமே என்று எழுந்து ஓடி, “எல்வீரா, அவரை ஏற வேணாம், இறங்கச் சொல்லு, இப்பவே சொல்லு” என்று கத்தினேன். அவள் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. இரைச்சலில் மூன்று முறை கூப்பிட்டாள். மூன்றாவது முறை, “இறங்குறேன், ஆனா நீங்கதானே ஏறச் சொன்னீங்க?” என்று கேட்டாராம் விமானி.

இறங்கிவிட்டார். யார் கோப்பையிலும் காபிகூடச் சிந்தியிருக்காது. மேலாளர் பெர்னார்தினோ, “கருவி மேல எழுதிடு லுசீலியா, அது எதிர்த்துப் பேசாது” என்றார். அறிக்கையில் கருவி தாமதித்ததையும் எழுதினேன், நான் கேட்காமல் விட்டதையும் எழுதினேன். ஆறு வாரம் என்னைத் திரை முன்னால் உட்காரவிடவில்லை. வீட்டில் சோறு இறங்கவில்லை. அப்பா ஒருநாள் ரொட்டிக் கடையிலிருந்து போன் பண்ணி, “ரொட்டி வாங்கச் சொன்னியே, அது இன்னிக்குச் சொன்னதா, நேத்து அனுப்பினது இப்ப வந்திருக்கா?” என்று கேட்டார். அந்த ஆறு வாரத்தில் அன்றுதான் சிரித்தேன்.

விசாரணை முடிந்தது. பதில் வராத உயரத்தை, வாயால் கேட்டு உறுதி செய்யாமல் இன்னொரு விமானத்துக்குத் தர இப்போது திரையே விடாது, அப்படி மாற்றிவிட்டார்கள். போன திங்கள் திரும்ப உட்கார்ந்தேன். முதல் விமானமே ஏறட்டுமா என்று கேட்டது. விரல் தயங்கியது, அனுப்பினேன். பதினோரு விநாடியில் ஏறுகிறோம் என்று பதில் வந்தது. எல்லாரும் பார்க்கவே அழுதுவிட்டேன்.

நீயும் வேலையில் ஏதாவது தப்பு செய்தால் முதலில் உன் வாயாலேயே சொல்லிவிடு, திட்டு விழும், ஆனால் தூக்கம் வரும். கிளாராவின் இருமலுக்கு டாக்டரைப் பார்க்காமல் இருக்காதீர்கள். ஆகஸ்டில் வரும்போது அப்பாவின் முழங்கால் பட்டையை மறக்காதே. ஆண்டவர் உங்கள் இருவர் தலைமேலும் கை வைத்துக் காக்கட்டும்.

முத்தங்களுடன்,
உன் அம்மா
லுசீலியா