வெந்நீர்த் தொட்டியில் சிப்பிச் சுண்ணாம்பு

சேசு மரி சூசை துணை

தூத்துக்குடி
12-2-1947

அன்பு மகன் கஸ்பாருக்கு உன் அம்மா நெற்றியில் முத்தமிட்டு எழுதிக்கொண்டது. சர்வேசுரன் கிருபையால் நானும் உன் தங்கச்சி பிளாரன்சும் சுகமாயிருக்கிறோம், நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். உன் அப்பாவும் சுகம் என்று ஒரே வார்த்தையில் எழுதினால் நீ நம்பமாட்டாய், கடிதத்தை மடித்து வைத்துவிட்டு ரயிலேறிவிடுவாய். அதனால் அவர் சங்கதியை விவரமாகவே எழுதுகிறேன், கடைசிவரை படித்துவிட்டுப் பிறகு கோபப்படு. உன் கடிதம் போன வாரம் திங்கட்கிழமை வந்தது. அப்பாவை ஆஸ்பத்திரியில் சுண்ணாம்புக் காளவாயில் தள்ளிவிட்டார்கள் என்று பம்பாய்வரைக்கும் வந்து உனக்குச் சொன்ன புண்ணியவான் யாரடா? நம் ஊர்க்காரன்தான், வேறு யாருக்கு இவ்வளவு கற்பனை வரும். அதைக் கேட்டு நீ கப்பல் பட்டறை வேலைக்கு நோட்டீஸ் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். நீ வந்தால் எனக்குச் சந்தோஷமில்லையா, உன்னைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு எத்தனை ஆசை என்று உனக்குத் தெரியும். ஆனாலும் நோட்டீஸ் கொடுக்காதே, இதைப் படித்து முடிக்கிறவரை கொடுக்காதே.

தோணியிலிருந்து சரக்கு இறக்கும்போது கயிறு அறுந்து பஞ்சுப் பொதி அப்பாவின் இடுப்பில் விழுந்ததும், ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டதும் உனக்கு எழுதியிருந்தேன். கட்டுப் பிரித்தார்கள். எலும்பு கூடிவிட்டது, ஆனால் இடுப்பு மூட்டு துருப்பிடித்த கீல் போல அசையவில்லை. இதை இப்படியே விட்டால் கெட்டியாகிப்போகும், பிறகு ஆயுசுக்கும் கட்டில்தான் என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். தரையில் நின்று அசைக்க முடியாது, நெஞ்சளவு வெந்நீரில் நின்றால் உடம்பின் பாரம் இடுப்புக்குத் தெரியாது, சூட்டில் சதை இளகும், அப்போது மெள்ள மெள்ள அசைக்கலாமாம். அதற்கென்று கன்னியர் ஆஸ்பத்திரியில் ஒரு தொட்டி இருக்கிறது. சண்டைக் காலத்தில் காயம்பட்ட பட்டாளத்துக்காரர்களுக்காகக் கட்டியது, அவர்கள் போனபிறகு ஊர்க்காரர்களுக்கு ஆயிற்று. சுற்றிலும் பிடித்துக்கொள்ள இரும்புக் கம்பி, இறங்கப் படி, பக்கத்திலேயே பாய்லர். ஆஸ்பத்திரி மதர் ஒரு கண்ணாடிக் குழலைத் தண்ணீரில் முக்கிச் சூடு பார்த்த பிறகுதான் யாரையும் இறக்குவார்கள். உடம்புச் சூட்டைவிடக் கொஞ்சம்கூட அதிகமாகக் கூடாது, கால் மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, ஏறி வந்தவுடன் எழுந்து நிற்காமல் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் தலை சுற்றிவிடும். சின்ன வயதில் முத்துக்குளிப்பில் கடலடிக்குப் போய் மூச்சுப்பிடித்துச் சிப்பி பொறுக்கிய மனுஷன், இந்தச் சட்டதிட்டத்தைக் கேட்டு ஏளா இது என்ன குளிப்பாட்டுத பிள்ளைக்குச் சொல்லுத மாதிரி சொல்லுதா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனாலும் இறங்கினார், காலும் கொஞ்சம் அசைந்தது. அன்றைக்கு அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

முதலில் நான் செய்த கூத்தைக் கேள். வெந்நீர் என்றால் நமக்கு எண்ணெய்க் குளிதானே, அதனால் அப்பாவை உட்காரவைத்து உச்சி முதல் உள்ளங்கால்வரை நல்லெண்ணெய் தேய்த்துப் பளபளவென்று கூட்டிக்கொண்டு போனேன். நான் மட்டுமில்லை, அங்கே வந்த எல்லா வீட்டுக்காரர்களும் அதையேதான் செய்திருந்தார்கள், ஒருத்தி மட்டும் விளக்கெண்ணெய். தொட்டித் தண்ணீரின் மேல் எண்ணெய் வட்டம் வட்டமாக மிதந்தது. மதர் வந்து பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார்கள். அவர்கள் வெளிதேசத்துக்காரர்கள், புத்தகத்தில் படித்த தமிழ். அம்மா, இவ்வெண்ணெய் யாவும் என் மருந்தைத் தின்றுவிடும் என்றார்கள். மருந்து என்றது வேறொன்றுமில்லை, மூக்கை அடைக்கிற நாற்றத்தோடு ஒரு வெள்ளைப் பொடி. அதைக் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றுவார்கள். பச்சைத் தண்ணீரைவிடச் சூடான தண்ணீரில் கிருமி சீக்கிரம் பெருகுமாம், அதைக் கொல்லத்தான் பொடி. வேர்வை, அழுக்கு, எண்ணெய் எது விழுந்தாலும் பொடியின் வேகம் அதிலேயே செலவாகிப்போகும், கிருமிக்கு மிச்சமிருக்காது. அன்றிலிருந்து சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வருகிறவர்களுக்குத்தான் இடம் என்று சட்டம் வந்தது. ஆனால் எங்கள் எண்ணெயை ஈடுகட்டப் பொடியை அள்ளி அள்ளிப் போட்டதில் ஆஸ்பத்திரியில் இருந்த மூட்டை காலியாகிவிட்டது.

கேடு அங்கேதான் ஆரம்பித்தது. அந்தப் பொடிக்கு இங்கிலீஷில் என்னமோ நீளமான பேர், அதில் லைம் என்றும் வருமாம். மதர் அதைத் தமிழாக்கிச் சுண்ணாம்பு சுண்ணாம்பு என்றே சொல்லிச் சொல்லி வார்டு முழுக்க அதுவே பேராகிவிட்டது. மதராஸிலிருந்து புது மூட்டை வர வேண்டும், அதற்குள் மதருக்கு மதுரையில் தியானம். போகும்போது தொட்டி வேலை பார்க்கிற சந்தனமாரியிடம், சுண்ணாம்பு தீர்ந்துபோயிற்று, வந்ததும் வழக்கம்போல் கரைத்து ஊற்று, அதுவரை யாரையும் இறக்காதே என்று சொல்லிவிட்டுப் போனார்கள். உன் அப்பா கட்டிலில் படுத்துக்கொண்டு இதைக் கேட்டார். தொட்டி மூடியிருந்தால் கால் கெட்டியாகிவிடும் என்ற பயம் அவருக்கு, வெளியே காட்டிக்கொள்ளமாட்டார். அன்று சாயந்தரம் தோணியிலிருந்து செபாஸ்டின் பார்க்க வந்தான். தோணிக்குத் தண்டலான உன் அப்பா படுத்துவிட்ட பிறகு அதை ஓட்டுகிறவன் அவன்தானே. ஏலே, ஆஸ்பத்திரியில சுண்ணாம்பு இல்லியாம்லே, நம்ம ஊர்ல சுண்ணாம்புக்கா பஞ்சம், காளவாயில சொல்லி நல்லதா ஒரு மூட்டை கொண்டாந்து போடு என்று இவர் சொல்ல, அவன் மறுநாள் காலையிலேயே சிப்பி சுட்ட சுண்ணாம்பு ஒரு மூட்டையைத் தலையில் சுமந்து வந்து இறக்கிவிட்டுத் தண்டலு சுண்ணாம்பு வந்துட்டு என்று வாசலிலிருந்தே கத்தினான். சந்தனமாரியைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெள்ளையாகப் பொடி வந்தது, சுண்ணாம்பு என்று சொல்லி வந்தது, வழக்கம்போல் கரைத்துத் தெளியவைத்துத் தெளிந்ததை ஊற்றினாள். நான்கூட அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

உன் அப்பாவுக்கு ஏகக் குஷி. எந்தத் தண்ணீரில் இறங்கினாலும் ஒரு துளி நாக்கில் வைத்துப் பார்க்கிற தோணிக்காரப் புத்தி அவருக்குப் போகாது, அப்படிப் பார்த்துவிட்டு, நாத்தம் போயிட்டுது பாத்தியா, நம்ம ஊரு சுண்ணாம்பு நம்ம ஊரு சுண்ணாம்புதான் என்று என்னிடம் பெருமையடித்தார். நாற்றம் போனதுதான் ஆபத்தென்று யாருக்குத் தெரியும். இரண்டாம் நாள் எல்லோருக்கும் கண் சிவந்தது, தோல் வழவழவென்று ஆகிக் காந்தியது. அதற்கடுத்து உடம்பெல்லாம் சிவப்புச் சிவப்பாகக் கொப்புளம். மற்றவர்களுக்கு அதோடு நின்றது. அப்பாவுக்குப் பொதி விழுந்த இடத்தில் ஆறியிருந்த புண் வாய் திறந்துகொண்டது, காய்ச்சல் வந்து பிதற்ற ஆரம்பித்தார். கஸ்பார், அந்த ராத்திரிகளை உனக்கு எழுத எனக்குத் தெம்பில்லை. மதர் திரும்பி வந்து, சீசாவில் கொஞ்சம் தண்ணீர் எடுத்து ஒரு துளி மருந்து விட்டார்கள். பொடி இருந்தால் மஞ்சளாக மாற வேண்டுமாம், நிறமே வரவில்லை. இன்னொரு மருந்து விட்டதும் செம்பருத்திப் பூப்போலச் சிவந்தது, அது காரம் ஏறிவிட்டது என்பதற்கு அடையாளம். மூட்டையைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். சிப்பிச் சுண்ணாம்பு கிருமியைக் கொல்லாததோடு, காரத்தால் தோலைப் புண்ணாக்கிவிட்டு, தண்ணீரில் மிச்சமிருந்த கொஞ்சநஞ்சப் பொடியையும் வேலை செய்யவிடாமல் முடக்கிப்போட்டிருக்கிறது. என் தமிழ் உங்களைக் கெடுத்தது என்று சொல்லி மதர் எங்கள் முன்னால் கண்ணீர் விட்டார்கள். தொட்டியை வடித்து, பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்பினார்கள். மதராஸ் மூட்டையும் வந்தது. இப்போது அதன் மேல் பெயிண்டில் தொட்டிப் பொடி என்று எழுதியிருக்கிறது, சுண்ணாம்பு என்று வார்டில் யார் சொன்னாலும் சந்தனமாரி அடிக்க வருகிறாள்.

காய்ச்சல் விட்டது, புண் மறுபடி ஆறிவிட்டது, டாக்டர் இறங்கலாம் என்றார். ஆனால் உன் அப்பா இறங்க மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். நான் சொல்லி வந்த சுண்ணாம்பு, பத்து வீட்டுப் பிள்ளைகளப் பொசுக்கிட்டேன், எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அதுல எறங்கச் சொல்லுத என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். அந்த வீட்டுக்காரர்களே வந்து, தண்டலண்ணே அதெல்லாம் ஆறிட்டு, வாங்க என்று கூப்பிட்டுப் பார்த்தார்கள். பங்குச் சாமியாரும் சொல்லிப் பார்த்தார். நான் கெஞ்சினேன், திட்டினேன், சாப்பிடாமல் கிடந்தேன். நாள் போகப் போக இடுப்பு இறுகிக்கொண்டே வந்தது. உன் கடிதம் வந்தது அப்போதுதான். அதை அவருக்கு வாசித்துக் காட்டினேன், மகன் வேலையை விட்டுவிட்டு வருகிறானாம் என்றேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர் என் பக்கம் திரும்பினார். என்னயத் தொட்டியில கொண்டு எறக்கு என்றார்.

போனோம். செபாஸ்டின் தூக்கி வந்து படியில் உட்காரவைத்ததும் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார், கீழே இறங்கவில்லை. தண்ணீரைக் கண்டு உன் அப்பா பயந்து நான் பார்த்ததில்லை. மதரிடம் நானும் கூட இறங்கட்டுமா என்று கேட்டேன். ஆண்கள் நேரம் முடிந்திருந்தது, படுதாவை இழுத்துவிட்டு, என்னைச் சோப்புப் போட்டுக் குளிக்கவைத்து, பழைய சேலையை இறுக்கிக் கட்டி ஊக்குக் குத்தி இறக்கிவிட்டார்கள். கடற்கரையில் பிறந்து கடற்காரனுக்கு வாழ்க்கைப்பட்டு இத்தனை வயதாகியும் எனக்குக் கணுக்காலுக்கு மேல் தண்ணீர் தெரியாது, நம் பெண்கள் யார் கடலில் இறங்கியது. அவரைப் படியிறக்கி மதர் ஒரு பக்கம் கம்பியில் நிறுத்தினார்கள், நான் எதிர்ப் பக்கம் நின்றேன். பயப்படாதீங்க நான் இருக்கேன் என்று அவருக்குத் தைரியம் சொல்லிக்கொண்டே ஒரு அடி எடுத்து வைத்தேன், கால் வழுக்கியது, தலைக்கு மேல் தண்ணீர். மூக்கிலும் வாயிலும் ஏறி, செத்தேன் என்றே நினைத்தேன், சேசுவே என்று சொல்லக்கூட வரவில்லை. ஒரு கை வந்து என் கொண்டையைப் பிடித்துத் தூக்கியது. ஏளா கூறுகெட்டவளே, கம்பியப் பிடிக்கத் தெரியாதா உனக்கு, எறங்க வந்துட்டா பெருசா என்று திட்டிக்கொண்டு உன் அப்பா நடுத்தொட்டியில் நிற்கிறார். கம்பியைப் பிடிக்கவில்லை. யாரும் அவரைப் பிடிக்கவில்லை. அசையாத அந்தக் காலை ஊன்றி நடந்து வந்திருக்கிறார், வந்தது அவருக்கே தெரியவில்லை. மதர்தான் அவர் காலைக் காட்டினார்கள். குனிந்து தண்ணீருக்குள் பார்த்தார், என்னைப் பார்த்தார், அப்புறம் என்னைக் கட்டிக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதுவிட்டார். நானும் அழுதேன், இருமலும் அழுகையுமாக. நான் வேண்டுமென்றே வழுக்கினேன் என்று பிளாரன்ஸ் ஊரெல்லாம் சொல்கிறாள். மாதா அறிய இல்லை. அவ்வளவு புத்தி எனக்கு இருந்தால் முதல் நாளே வழுக்கியிருப்பேனே.

அதற்குப் பிறகு தினமும் இறங்குகிறார். தொட்டியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய் வருகிறார், கூட இறங்குகிறவர்களைக் கண்ணைத் திற மூச்சை விடு என்று தோணியில் அதட்டுகிற மாதிரி அதட்டுகிறார். உன்னிடம் நான் எதையும் மறைக்கவில்லை மகனே, தரையில் அவர் இன்னும் நிற்கவில்லை, கட்டிலிலிருந்து தொட்டிவரை செபாஸ்டின் தூக்கிக்கொண்டுதான் போகிறான். நாள் பிடிக்கும் என்கிறார் டாக்டர், ஆனால் மூட்டு இளகிவிட்டது, இனி இறுகாது என்கிறார். அதனால்தான் நீ வேலையை விட வேண்டாம் என்கிறேன். நீ வேலையை விட்டு வந்தால் என்னால்தானே என்று அந்த மனுஷன் மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவார், அதை மட்டும் என்னால் தாங்க முடியாது. பனிமய மாதா திருவிழாவுக்கு லீவு கேட்டு வா, அது போதும்.

வேலை முடிந்து ஹமாம் என்கிற குளிப்புக்கூடத்தில் வெந்நீரில் கிடந்தால் அலுப்புத் தீருகிறது என்று முன்பொரு கடிதத்தில் எழுதியிருந்தாய், கிட, ஆனால் கையில் கீறல் இருந்தால் இறங்காதே, வெகுநேரம் ஊறாதே, திடுமென்று எழுந்திருக்காதே, தண்ணீரில் என்ன கலந்திருக்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு இறங்கு. ஞாயிறு பூசையை விடாதே, படுக்குமுன் செபமாலை சொல். பிளாரன்ஸ் உனக்கு அன்பு சொல்லச் சொன்னாள், அவளுக்கு வளையல் மறந்துவிடாதே என்றும் சொன்னாள். இந்தக் கடிதத்தை நேற்று அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் அழுததை மட்டும் அடித்துவிடச் சொன்னார், நான் அடிக்கவில்லை. அப்புறம் உனக்கு என்ன எழுத என்று கேட்டதற்கு, தண்ணிக்குள்ள நடக்கேன், கரையேறிருவேன்னு எழுது என்றார். எழுதிவிட்டேன்.

சர்வேசுரனும் பனிமய மாதாவும் உன்னை எப்போதும் காப்பாற்றட்டும்.

உன் மேல் உயிரை வைத்திருக்கும் அம்மா
மிக்கேலம்மாள்