பசுக்காரிப் பெரியம்மா

அக்கா,

காலையில் பெய்த மழைக்குக் குழாயில் செந்தண்ணீர் வந்தது. என் மகன் தம்ளரைத் தூக்கிப் பார்த்து முகத்தைச் சுளித்தான். "இத மனுசன் குடிப்பானா?" என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கத்தான் தெம்பில்லை.

உங்கள் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு ஆலங்குடிப் பக்கம் நான் வந்தபோது ராஜா ஆட்சி. குடிக்க ஊருணி ஒன்றுதான். மேட்டுச் செம்மண்ணில் ஓடிவரும் மழைத்தண்ணீர், வரத்துக்கால் ஓரத்துப் புல்லில் மண்ணை விட்டுவிட்டுத்தான் உள்ளே இறங்கும். அந்தப் புல்லில் மாடு வாய் வைக்கக்கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு.

மழை பொய்த்த அந்த வருஷம் எனக்குப் பால் வற்றிப்போயிற்று. தீட்டுக்கூடக் கழியாத பிள்ளை, அழச் சத்தில்லாமல் கிடந்தான். வைக்கோல் இல்லாமல் உங்கள் பசுவுக்கும் மடி வற்றியிருந்தது. பட்டப்பகலில் அதை வரத்துக்காலுக்கு ஓட்டிப்போனீர்கள். "தள்ளுங்கண்ணே, வாயில்லா சீவன் பட்டினியா கெடக்கு" என்று காவல்காரரை விலக்கினீர்களாம். பார்த்தவர்களும் தங்கள் மாடுகளை அவிழ்த்துவிட்டார்கள். கொஞ்ச நாளில் கரை மொட்டை. ஆனால் பசு கறந்தது, பிள்ளை பிழைத்தான்.

பிறகுதான் கொட்டியது மழை, பாழாய்ப்போன மழை! மேட்டு மண்ணெல்லாம் ஊருணிக்குள் சறுக்கியது. தண்ணீர் செங்கல்லைக் கரைத்த மாதிரி ஆகி, மாதங்கள் போயும் தெளியவில்லை. பானைக்குள் தேத்தாங்கொட்டையை உரைத்து உரைத்து எல்லோருக்கும் கை சலித்தது. தெளிகிற நேரத்தில் இன்னொரு மழை வந்து கலக்கிவிடும்.

"பசுக்காரி வாரா, வெலகுங்கடி. ஆலங்குடிக்குப் பால் விக்க ஊரு தண்ணியக் கெடுத்தவ." படித்துறையில் தினமும் இதே பேச்சு. மாட்டை விட்டது எல்லோரும், பேர் உங்களுக்கு. ஒருநாள் பொறுக்காமல் நான் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். என் கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டீர்கள்.

"வாய மூடுடி. ஊரு வயித்தெரிச்சல் எம்மேலயே கெடக்கட்டும். பாலக் குடிச்சது இவன்னு தெரிஞ்சா, அது புள்ள மேலயில்ல விழும்?"

அதற்கப்புறம் தண்ணீருக்குப் போகும்போதெல்லாம் மடியில் அறுகம்புல்லை வேரோடு கட்டிக்கொண்டுபோய்க் கரையில் நட்டீர்கள். புல் பிடித்து ஊருணி தெளிவதற்குள் இவன் தெருவில் ஓட ஆரம்பித்துவிட்டான். நீங்கள் மட்டும் சாகும்வரை பசுக்காரிதான்.

மூடி மூடி வைத்து அலுத்துவிட்டது அக்கா. இவனே பேரன் எடுத்துவிட்டான். இனி எந்த வயிற்றெரிச்சல் இவனை என்ன செய்யும்? இன்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தம்ளரைக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

"நானும் பசுக்காரிப் பெரியம்மான்னுதானேம்மா கூப்புட்டேன்?" என்றான்.

ஆமாம் என்றேன். தெருப்பிள்ளைகளோடு சேர்ந்து கத்துவான். ஒவ்வொரு தடவையும் "என்னடா ராசா" என்று நீங்கள் சிரித்த முகமாகத் திரும்புவீர்கள். அந்தக் குரல் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.