தீ மூட்டாத காலையில் உன் கைகள்

மைனி,

அன்றைக்கு யார் யார் இருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஒருவரையும் விடமாட்டேன். உரலடியில் என் அம்மா பகவதி. வாசல் நடையில் காலை நீட்டி இருந்தது அப்பாவின் அக்கா, அஞ்சுகிராமத்துச் செல்லம்மை அத்தை. வேலிக்கு அந்தப் பக்கம், அடுத்த வீட்டு ஞானம்மா அக்கா. முற்றத்தில் என் அண்ணன் நீலகண்டன், உன்னைக் கட்டியவன். தொட்டிலில் உன் பிள்ளை. அப்புறம் நீயும் நானும். இவர்களில் இன்று உயிரோடு மிச்சம், தொட்டிலில் கிடந்தவளும் நானும்தான்.

இதை எழுத உட்கார்ந்ததிலிருந்து இரண்டு வரிக்கு ஒருமுறை எழுந்து போகிறேன். அடுக்களையில் நொச்சி இலை கொதித்தது. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன். வாசனை போகிறதா? என் சேலையிலேயே ஏறிவிட்டது.

என் பேத்திக்கு உன் சீக்கு வந்திருக்கிறது. காலையில் எழுந்தால் விரல் மடங்குவதில்லை, மணிக்கட்டு வீங்கிக் கிடக்கிறது. வடசேரியில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே ஆள் அடையாளம் தெரியாமல் சொந்த மூட்டைத் தாக்குகிறதாம். மாத்திரை தந்தார், அதை விடாமல் சாப்பிடவேண்டும் என்றார். கூடவே, காலையில் வெந்நீரில் கையை முக்கு, விரலை மெதுவாக அசை, நட, நேரத்துக்குத் தூங்கு, களைத்துப் போகுமுன் வேலையை நிறுத்து என்றார். அவர் சொல்லச் சொல்ல நான் நாற்காலியில் நெளிந்தேன். நீ இருந்த மாதிரியே அல்லவா இருக்கச் சொல்கிறார்! உனக்கு அந்த மாத்திரை கிடைக்கவில்லை. மற்றதெல்லாம் உன்னிடம் இருந்தது.

உனக்கு அது பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு வந்தது. தக்கலையில் உன் வீட்டிலிருந்து குழந்தையோடு திரும்பியபோது, சேலைக் கொசுவத்தைச் செருகக்கூட விரல் வளையாமல் நின்றாய். வைத்தியர் கஷாயமும் தைலமும் தந்தார். அதில் கொஞ்சம் தணிந்தது. மிச்சத்தை நீயே உன் கையைப் பார்த்துப் பார்த்துக் கண்டுபிடித்தாய். பாயில் கிடந்தபடியே விரல்களை விரித்து மடக்குவாய். பிறகு நொச்சி போட்ட வெந்நீர்ச் சட்டி. பிறகு கிழக்கு முற்றத்து வெயில். அதுவரை ஒரு கரண்டியைத் தொடமாட்டாய். நிறைகுடம் எடுக்காமல், அரைக்குடமாக இரண்டு நடை நடப்பாய். அகப்பைக் காம்பில் பழந்துணியைத் தடிமனாகச் சுற்றி வைத்தாய், பிடிக்க லேசாக. மத்தியானம் கையைத் தலையணையில் தூக்கி வைத்துச் சற்றுப் படுப்பாய். சாயங்காலம் குளத்தங்கரையோடு ஒரு நடை.

பாதி அரைத்த அம்மியை விட்டு எழுந்து வந்துவிடுவாய். "முடிச்சிட்டு வாயேன் மைனி, இன்னும் கொஞ்சந்தானே கெடக்கு" என்று நான் ஒருநாள் கேட்டேன்.

"வேலைய நான் நிறுத்தணும் மக்கா. வேலை என்னைய நிறுத்தப்பிடாது" என்றாய்.

அப்படி இருந்து இருந்துதான் அந்த ஆனி மாதம் வீக்கம் வற்றியது. குழந்தையை இரண்டு கையாலும் தூக்கினாய். அதைப் பார்த்து ஞானம்மா அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கைதட்டினாள்.

அம்மாவுக்கு இதெல்லாம் பிடிபடவில்லை. உழைத்தால் மூட்டு இளகிவிடும் என்பது அவள் கணக்கு. அத்தையின் கணக்கு வேறு. அவள் கொழுந்தன் மகள் ஒருத்தி அஞ்சுகிராமத்தில் கல்யாணத்துக்கு நின்றாள். கை வழங்காதவளை, கை வேலைக்கு வளையாதவளை, தக்கலைக்கே அனுப்பிவிட்டு அந்தப் பெண்ணை இங்கே மருமகளாகக் கொண்டுவந்து ஏற்றவேண்டும். அப்பா இல்லாத வீட்டில் அத்தை சொல்லுக்கு எடை அதிகம். அது உனக்கும் தெரியும். உன் கையா, இந்த வீடா என்று ஒரு நாள் கேள்வி வரும் என்று உனக்குப் பயம் இருந்தது. அது நிறைபுத்தரிசி நாளில் வந்தது.

நம் ஊர்கள் திருவிதாங்கூரை விட்டுப் பிரிந்து தமிழ்ப் பக்கம் சேர்வதற்கு முந்தைய வருஷம். நம் வீட்டு வழக்கம் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் இதை வாசிக்கப்போகும் என் பேத்திக்குத் தெரியாது. வயலில் முதலில் அறுத்த கதிரை உலர்த்தி வைத்து, நிறைபுத்தரிசி அன்று விடியும்போது வீட்டு மருமகள் தன் கையால் குத்தவேண்டும். வேறு கை உலக்கையில் படக்கூடாது. அந்த அரிசிதான் அன்று முதலில் அடுப்பில் ஏறவேண்டும். அதுவரை வீட்டில் தீ மூட்டக்கூடாது. முந்தின வருஷம் நீ பிள்ளைப்பேற்றுக்குப் போயிருந்ததால் அம்மா குத்தினாள். இந்த வருஷம் நீ. தீ இல்லை என்றால் வெந்நீர் இல்லை. வெந்நீர் இல்லை என்றால் உன் கை திறக்காது. திறக்காத கையால் உலக்கை பிடிக்கவேண்டும்.

நான் வேலியைத் தாண்டினேன். ஞானம்மா அக்கா வீட்டில் என்றும்போல் அடுப்பு எரிந்தது. ஒரு செம்பு வெந்நீரைத் தாவணிக்குள் மறைத்துக்கொண்டு வந்தேன். நடையில் அத்தை.

"ஏட்டி, தாவணிக்குள்ள என்னது ஆவி பறக்கு?"

"வெந்நி, அத்தை. மைனிக்குக் கை முக்க."

"புத்தரிசி இன்னும் அடுப்பில ஏறல்லே. அதுக்குள்ள அடுத்த வீட்டுத் தீயில காஞ்ச தண்ணியா? வெளங்குமாட்டி இந்த வீடு?" செம்பைப் பிடுங்கித் தென்னை அடியில் கவிழ்த்தாள்.

ஞானம்மா அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "தண்ணியில எங்க வீட்டு வெள்ளம், ஒங்க வீட்டு வெள்ளம்னு உண்டுமா அம்மா?"

"ஒஞ்சோலியப் பாரு பிள்ளே" என்று அவளை அடக்கிவிட்டு, அத்தை முற்றத்துப் பக்கம் திரும்பினாள். "லே நீலகண்டா, உள்ளதச் சொல்லு. ஒம்பொண்டாட்டிக்குக் கை வழங்காதா, இல்லே வழங்க மனசில்லையா? வழங்காதுன்னா இப்பவே சொல்லிப்போடு. தக்கலையில கொண்டு விட்டுட்டு வேற வழி பாப்போம்."

நீ கதவோரம் நின்றாய். இரண்டு கையையும் அக்குளுக்குள் வைத்துச் சூடேற்றிக்கொண்டிருந்தாய். உன் கண் அண்ணன்மேல் இருந்தது.

அவனுக்குத் தெரியாதா? விடியுமுன் உன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து நீவிப் பிரித்துவிடுவது அவன்தான் என்று நீ என்னிடம் சொல்லியிருக்கிறாய். "ஒங்கண்ணன் பூப்பிரிக்கது மாதிரி பிரிக்கும்" என்று வெட்கத்தோடு சொன்னாய். எந்த விரல் முதலில் இளகும், எதைத் தொடக்கூடாது என்று அவன் கைக்குத் தெரியும்.

அந்த அண்ணன் சிரித்தான். "மடிதான் அத்தை, வேற என்ன? சொன்னாக் குத்துவா" என்றான்.

மடி என்றால் நம் ஊரில் சோம்பல். காலை முழுதும் உன்னோடு மல்லுக்கட்டுகிற வலிக்கு அவன் வைத்த பேர் அது.

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உரலடிக்கு வந்தாய். உலக்கையை விரலால் பிடிக்க முடியாமல், உள்ளங்கையால் அணைத்துப் பிடித்துத் தூக்கினாய். முதல் குத்து விழுந்தபோது உன் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. அம்மாவுக்கு அது தெரிந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன், தெரிந்தது. நான் உலக்கையைப் பிடிக்கக் கை நீட்டினேன். "வேற கை படப்பிடாது" என்று அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். நீ நிறுத்தவில்லை. வேலையை நீ நிறுத்தாத ஒரே நாள் அது.

அரிசி ஏறியது, அடுப்பு எரிந்தது, பாயசம் வந்தது. எல்லோரும் குடித்தார்கள். உனக்குக் கிண்ணம் பிடிக்க வரவில்லை. அடுக்களைக்குப் பின்னால் வைத்து நான்தான் ஊட்டினேன்.

"இனிப்புக் கொறவாக்கும் மக்கா. ஒங்க அத்தையையும் சேத்துக் காய்ச்சியிருக்கணும்" என்றாய். நான் சிரித்தேன். நீயும் சிரித்தாய், கண்ணீர் வழிய வழிய.

தக்கலைக்கு உன்னை யாரும் அனுப்பவில்லை. வீடு உனக்கு மிஞ்சியது. ஆனால் ஆனியில் வற்றிய வீக்கம் அன்று மத்தியானமே திரும்பியது. ஐப்பசி மழையில்தான் தணிந்தது. தணிந்தபோது வலது கையின் இரண்டு விரல்கள் கோணிக்கொண்டு நின்றுவிட்டன. நீ மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாய். பாயில் விரல் அசைப்பது, வெந்நீர், வெயில், நடை. பிறகு உன் மகளுக்கு நாடாவின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு சடை பின்னிவிட்டாய். நல்ல நாளும் வந்தது, பொல்லாத நாளும் வந்தது. நீ வாழ்ந்தாய். அந்த விரல்கள் மட்டும் நிமிரவில்லை.

அடுத்த வருஷம் நிறைபுத்தரிசி அன்று, விடியுமுன் அடுக்களையில் வெளிச்சம் தெரிந்தது. போய்ப் பார்த்தேன். அம்மா அடுப்பை மூட்டி உன் வெந்நீர்ச் சட்டியை ஏற்றியிருந்தாள். நெல்லையும் அவளே குத்தினாள். அதனால் அம்மாமேல் இருந்த கோபத்தை விட்டுவிட்டேன். அத்தை சாகும்வரை அவளோடு பேசவில்லை. ஆனாலும் அவளுக்கு உன் கையைத் தெரியாது. தெரியாதவளிடம் எவ்வளவுதான் கணக்குத் தீர்ப்பது?

அண்ணனிடம் ஒருமுறை கேட்டேன். "நான் அப்பிடிச் சொன்னதுனாலதான் அவ இந்த வீட்டுல இருந்தா" என்றான். நீயும் அதையே சொன்னாய். "விடு மக்கா, வேற என்ன சொல்லும் அது, பாவம்" என்றாய்.

வேறு என்ன சொல்வதா? அதை இன்று காலை என் காதால் கேட்டேன் மைனி. பேத்தி மாப்பிள்ளைக்கு அவன் அம்மா போன் செய்தாள். ஒலியைக் கூட்டி வைத்திருந்தான், எனக்கும் கேட்டது. "இன்னுமா அவ அடுக்களைக்கு வரல்லே?" என்றாள்.

"காலையில அவளுக்குக் கை வழங்காதும்மா, கொஞ்ச நேரம் ஆவும். காப்பி நாந்தான் போட்டேன். அங்கண தேங்கா வெட்டியாச்சா?"

அவ்வளவுதான். தேங்காய்க்குப் போய்விட்டான். ஏதோ பெரிய காரியம் செய்துவிட்டதாக அவன் முகத்தில் ஒன்றுமில்லை. நான் எழுந்து போய்க் கிணற்றடியில் நின்றேன். அன்றைக்கு முற்றத்திலும் இப்படி ஒன்று போதுமாயிருந்தது. 'கை வழங்காது. ஆனா இங்கதான் இருப்பா.' சொல்லியிருந்தால் என்ன, அத்தை அவனைத் தின்றா விடுவாள்?

இன்றும் நான் அரைக்குடம்தான் எடுக்கிறேன், எனக்கு ஒரு நோயும் இல்லாமலே. பாதி வேலையில் எழுந்துவிடுகிறேன். என் வீட்டு அகப்பைக் காம்புகளில் துணி சுற்றித்தான் இருக்கிறது. பேத்தி கை அதில் சரியாகப் படிகிறது. இதெல்லாம் நீ. இன்னொன்றும் இருக்கிறது, அது நீ தந்ததல்ல.

உன் மகள் வருஷாவருஷம் அவள் அப்பாவின் திதிக்குக் கூப்பிடுகிறாள். நான் போவதில்லை. "இன்னுமா அத்தை?" என்று என்னைக் கேட்கிறாள். இன்னும்தான். நீ மன்னித்தது உன் பாடு. விரல்கள் உன்னுடையவை, உனக்கு உரிமை உண்டு. நான் கதவோரத்தில் உன் கண்ணைப் பார்த்தவள். இருட்டில் உன் ஒவ்வொரு விரலையும் அறிந்தவன், விடிந்தபின் நாலு பேர் முன்னால் அறியாதவனாகிப் போனான். என் கூடப்பிறந்தவன். நீலகண்டன்.